கத்திரி வெயிலில் குளிர்கிறது என்றார் பெரியம்மா

மே மாதக் கத்திரி. மயிலாப்பூர் வீட்டில் நாங்கள் எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டிருக்க, பெரியம்மா மட்டும் "குளிருதுடா, கொஞ்சம் குறைச்சு வை" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆறு மாதத்தில் நான்கு கிலோ ஏறியிருந்தார். "முன்ன விடக் கம்மியாத்தான் சாப்பிடறேன்" என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. அவர் சொன்னது உண்மை. ரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 38. இருக்க வேண்டியது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை.

இங்கே பலர் குழம்புவார்கள். எண் அதிகமென்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நினைப்பார்கள். டி.எஸ்.ஹெச். தைராய்டிலிருந்து வருவதே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "இன்னும் சுர" என்று தைராய்டை விரட்டும் குரல் அது. சுரப்பி சோர்ந்தால் குரல் உயரும்.

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சிபோல ஒட்டியிருக்கும் தைராய்டு இருபது கிராம்தான் இருக்கும். நாம் உப்பில் சாப்பிடும் அயோடினைப் பிடித்து, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4 ஹார்மோனை அது பெருமளவில் செய்கிறது. டி4 கையிருப்பு மாதிரி. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிய பிறகுதான் வேலை தொடங்கும். டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடும். சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் கூடும், செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும். எரிபொருள் வேகமாக எரிந்து உடம்பு சூடாகும். சும்மா படுத்திருக்கும்போதும் நடக்கும் செலவு இது. 1895-இல் ஜெர்மனியின் அடால்ஃப் மாக்னஸ்-லெவி, தைராய்டு மிகுந்தவர்கள் படுத்திருக்கும்போதே கூடுதல் ஆக்சிஜனைச் செலவழிப்பதை அளந்து காட்டினார். பெரியம்மாவுக்கு இந்தச் செலவு குறைந்துவிட்டது. அதனால்தான் கத்திரியிலும் குளிர்.

அப்படியானால் ஏறிய நான்கு கிலோவும் கொழுப்பா? பெரும்பாலும் இல்லை. தைராய்டு குறைந்தால் தோலுக்கு அடியில் ஹையலூரானிக் அமிலம் போன்ற பொருட்கள் சேர்ந்து, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகமும் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்றாது. பெரியம்மாவின் வீங்கிய கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். இதயக் கோளாறில் வரும் வீக்கமாக இருந்தால் பெரும்பாலும் குழி விழுந்து நிற்கும். இங்கே மாவைத் தொட்டது போல இருந்தது, குழி விழவில்லை. தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோ. இருபது கிலோ ஏறியதற்கெல்லாம் தைராய்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பரிசோதனைக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை. உடம்பு பருத்தாலே டி.எஸ்.ஹெச். சற்று உயரக்கூடும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் மூளையைத் தூண்டுவது அதற்கு ஒரு காரணம். எடை குறைந்தால் அந்த எண்ணும் இறங்கும். டி4 சரியாக இருந்து டி.எஸ்.ஹெச். மட்டும் 5, 6 என்று வந்தால், பருமனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பட்டினி கிடந்தால் நிலைமை வேறு. உடம்பு டி3-ஐக் குறைத்துச் சிக்கனத்தில் இறங்கும். கண்மூடித்தனமான டயட்டில் எடை ஓரிடத்தில் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைராய்டு சரியாக இருப்பவர்கள் இளைப்பதற்காகத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடுவதைக் கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. மிகுந்த ஹார்மோன் கொழுப்பை மட்டும் பார்த்துக் கரைக்காது. தொடைத் தசை தேயும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. எலும்பு மெலியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

பெரியம்மா இப்போது காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் டி4 மாத்திரை போடுகிறார். ஃபில்டர் காபி ஏழு மணிக்குத்தான், ஏனென்றால் காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. சில மாதங்களில் மூன்று கிலோ இறங்கியது, பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். மீதி ஒரு கிலோவுக்காகச் சாயங்காலம் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடக்கிறார்.