எலி மருந்து தின்ற நாய் மூன்று நாள் நன்றாக இருப்பது ஏன்?

எலி மருந்தைத் தின்ற நாய் அன்றைக்கே சுருண்டு விழும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கடையில் நீலமாகவோ பச்சையாகவோ கிடைக்கும் எலி கேக் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. நாய் அன்று வாலாட்டும், மறுநாளும் சோறு சாப்பிடும். ‘சரி, ஒன்றும் ஆகவில்லை’ என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். சில நாய்கள் இருமும், சில நொண்டும். நெஞ்சுக்குள்ளோ மூட்டுக்குள்ளோ இரத்தம் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம்.

இந்தக் கேக்குகளில் பரவலாக இருப்பது புரோமாடியோலோன். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் நான்கைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்த கே வைட்டமினை ஒரு நொதி பழைய நிலைக்குத் திருப்பி, மறுபடி மறுபடி பயன்பட வைக்கிறது. அந்த நொதியைத்தான் இந்த விஷம் முடக்குகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் புரதங்களை அது தொடுவதே இல்லை. அந்தக் கையிருப்பு தீரும்வரை நாய்க்கு ஒரு குறையும் தெரியாது. நான்கில் முதலில் தீர்வது ‘ஏழாம் காரணி’ என்ற புரதம். நாயின் உடலில் சுமார் 6 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும்.

இந்த வகை விஷத்தின் கதை மாடுகளில் தொடங்கியது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் புல்வெளிப் பண்ணைகளிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் வடிந்து செத்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. தின்றதற்கும் சாவுக்கும் நடுவே நாள் கடப்பதால் எலிக்குச் சந்தேகம் வராது. எலியைக் கொல்ல வசதியான அதே தாமதம்தான் நாய் வளர்ப்பவரை ஏமாற்றுகிறது.

ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். தின்று ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைக்கலாம். அப்புறம் கரி மருந்து கொடுப்பார். வீட்டில் உப்புக் கரைசலைப் புகட்டுவது வேண்டாம். இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே நாயை முடித்துவிடும்.

மிச்சமிருக்கும் கேக்கையும் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கருஞ்சாம்பல் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு வேறு ரகம். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம், முறிமருந்தும் கிடையாது. பால், சோறு கொடுத்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். வண்டியில் நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

புரோமாடியோலோனுக்கு முறிமருந்து உண்டு: வைட்டமின் கே1. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். விஷம் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்குவதால் 3, 4 வாரம் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். நிறுத்தி 2, 3 நாள் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பார்கள். அது நீண்டிருந்தால் மாத்திரை தொடரும்.