ஸ்டென்சில் டிசைன் கலைவது ஏன்? வேலூரில் வீட்டிலேயே கேக் செய்பவர்களுக்கு

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். டிசைனைத் துளையாக வெட்டிய மெல்லிய ஷீட்டைக் கேக்மேல் வைத்து, அதன்மேல் ஐசிங் தடவியோ கோக்கோ தூவியோ டிசைன் விழ வைப்பதுதான் ஸ்டென்சில் வேலை. என் வகுப்புக்கு வருபவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது: "அக்கா, ஸ்டென்சிலை எடுத்ததும் டிசைன் வழிஞ்சு போச்சு. வேற ஸ்டென்சில் வாங்கட்டுமா?"

வாங்க வேண்டாம். பெரும்பாலும் தப்பு ஸ்டென்சிலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் க்ரீமில்தான். மேற்பரப்பு இறுகாமல் எந்த ஸ்டென்சிலை வைத்தாலும் அது க்ரீமைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். நம்ம ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நாளில் மேசைமேல் வைத்த பட்டர் க்ரீம் கேக்கின் மேல் தோல் படியும், அதாவது மேற்பரப்பு தானாகக் காய்ந்து இறுகும் என்று காத்திருப்பது வீண். ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்குங்கள். விப்பிங் க்ரீமுக்கோ எந்தக் காலத்திலும் தோல் படியாது. அதை ஃப்ரீசரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தே ஆக வேண்டும். தயாரா என்று பார்க்க ஒரு சின்ன பட்டர் பேப்பர் துண்டை மேலே வைத்து லேசாகத் தடவி எடுங்கள். பேப்பரில் க்ரீம் ஒட்டாமல் வந்தால் சரி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். அந்த ஈரத்தில் ஐசிங் வைத்தால் நிறம் கசியும், கோக்கோ தூவினால் கறுத்துச் சேறாகும். அதனால் ஐசிங், ஸ்டென்சில், கத்தி எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாகக் கேக்கை எடுங்கள். வியர்ப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

அடுத்து ஐசிங்கின் பதம். ராயல் ஐசிங்கில் (சர்க்கரைத் தூளும் முட்டை வெள்ளையும் கலந்த, காய்ந்தால் கெட்டியாகும் பூச்சு) கத்தியால் ஒரு கோடு இழுங்கள். கோடு சில விநாடிகளில் மூடிக்கொண்டால் அது தண்ணீர்ப் பதம், ஸ்டென்சிலுக்கு ஆகாது. கரண்டியைத் தூக்கினால் ஐசிங்கின் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும். பச்சை முட்டை வெள்ளை சேர்க்காதீர்கள். மெரிங் பவுடர் (உலர்ந்த முட்டை வெள்ளைப் பொடி) போதும். பச்சை முட்டையால் வரும் கிருமித் தொல்லையும் இல்லை.

தடவும்போது பேலட் நைஃபை (க்ரீம் தடவும் தட்டையான, கூரில்லாத கத்தி) சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் ஒரே இழுப்பில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஐசிங் ஓரத்துக்கு அடியில் புகுந்துவிடும். ஸ்டென்சிலை நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. அடுத்த முறை வைக்கும் முன் இரண்டு பக்கமும் துடையுங்கள். பின்பக்கத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கலைந்துவிட்டதா? உடனே விரலால் துடைக்காதீர்கள், கறை பரவும். கேக்கை மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். ஐசிங் கெட்டியானதும் கத்தி முனையால் நெம்பினால் செதிலாகப் பெயர்ந்து வரும். அந்த இடத்தில் கொஞ்சம் புது க்ரீமைப் பூசிச் சமன் செய்து, குளிரவைத்து, திரும்ப ஆரம்பிக்கலாம்.

கேக்கின் பக்கவாட்டில் ஸ்டென்சில் நிற்கவில்லை என்று குண்டூசி குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். ஒரு ஊசி உள்ளே தங்கினால் அது போய்ச் சேருவது ஒரு குழந்தையின் வாயில். கூட ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது சின்ன ஸ்டென்சிலாகப் பார்த்து வாங்குங்கள். மார்கழியில் தெருவில் விற்கும் பிளாஸ்டிக் கோல அச்சையும் சிலர் கேக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். டிசைன் அழகுதான், ஆனால் அது உணவில் படுவதற்காகச் செய்த பிளாஸ்டிக் அல்ல. கோலம் வேண்டுமென்றால் உணவுத் தரமான ஷீட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது கேக்மேல் தங்க நிறத்துக்காகப் பூசும் தங்கப் பொடிக்குத்தான். டிசைன் சரியாக விழாதபோது அதை மறைக்கப் பலரும் அந்த டப்பாவைத்தான் திறக்கிறார்கள். ரம்ஜான் கேக்கில் பிறை, கல்யாணக் கேக்கில் ஆரணிப் பட்டுக் கரை என்றால் தங்க நிறத்தைத் தவிர வேறு எதையும் வாடிக்கையாளரே ஏற்பதில்லை. டப்பாவில் 'நான் டாக்ஸிக்' என்று போட்டிருப்பதைக் காட்டி, "விஷம் இல்லைன்னு போட்டிருக்கே அக்கா" என்கிறார்கள். விஷமில்லை என்று எழுதியிருப்பதாலேயே அது தின்னத் தகுந்ததாகிவிடாது. கைவினைப் பொருளுக்கான பொடியிலும் அதையேதான் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018இல் தங்கப் பொடி பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பொடியில் இருந்தது செம்பு. அடுத்த ஆண்டு மிசூரியில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் கேக்கில் பூசிய பொடியில் ஈயம் இருந்தது. இரண்டையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்தப் பொடிகள் தின்பதற்கென்று செய்யப்பட்டவையே அல்ல. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடனே எந்த அறிகுறியும் தெரியாமலும் போகலாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உண்ணத் தகுந்தது என்ற சொல், சேர்மானங்களின் பட்டியல், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண், காலாவதித் தேதி, எல்லாம் இருக்க வேண்டும். சின்ன கவரில் பிரித்து லேபிள் இல்லாமல் விற்பதை, எவ்வளவு மின்னினாலும், வாங்காதீர்கள். வாடிக்கையாளர் தங்கம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், தங்க நிற அட்டையில் வெட்டிய டாப்பரை (கேக்கின் மேல் நிற்கும் அலங்காரம்) குச்சியோடு செருகிக் கொடுங்கள். கேக்கை வெட்டுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும் என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். வாயால் சொல்வது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும்.