விடையை அனுப்பும் முன் விசைப்படத்தைக் கேளுங்கள்

கப்பியின் மேல் ஒரு கயிறு. ஒரு முனையில் 3 கிலோகிராம் கட்டி, மறுமுனையில் 2 கிலோகிராம். கட்டிகளை விட்டதும் கயிற்றில் இழுவிசை எவ்வளவு? முதலாண்டு மாணவர்களுக்கு நான் தவறாமல் கொடுக்கும் வீட்டுக்கணக்கு இது. ஒருமுறை திருத்த உட்கார்ந்தபோது ஏழு தாள்களில் 29.4 நியூட்டன் என்று இருந்தது. விடை தவறு. அது பரவாயில்லை, பலரும் செய்யும் தவறுதான். ஆனால் ஏழிலும் அதே குறியீடுகள், அதே வரிகள், ஒரே சொல்லில் அதே எழுத்துப்பிழை.

கூப்பிட்டு விசாரித்தேன். முதலில் போட்ட மாணவர் இரவில் தன் தாளைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். "கேட்டாங்க சார், உதவி பண்ணேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதை உதவி என்றுதான் நினைத்திருந்தார். மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள் என்று வகுப்பில் சொல்கிறவன் நான். அதனாலேயே அந்த ஏழு தாள்கள் என்னை அதிகம் வருத்தின.

இயற்பியல் கணக்கில் கடினமான வேலை எங்கே நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியைப் படித்து முடித்ததற்கும் முதல் சமன்பாட்டை எழுதுவதற்கும் நடுவில்தான். எந்தப் பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது, அதன் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன, எந்தத் திசையை நேர்க்குறியாக வைப்பது, எந்த விதி இங்கே பொருந்தும் என்ற முடிவுகள் எல்லாம் அந்த இடைவெளியில் எடுக்கப்படுகின்றன. பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாக வரையும் விசைப்படமும் அங்கேதான் வருகிறது. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் பள்ளி இயற்கணிதம். நண்பர் அனுப்பும் படமோ முதல் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வாங்கிப் படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் சரியாகத் தெரியும், "புரிஞ்சிடுச்சு" என்றும் தோன்றும். உண்மையில் அவருக்குப் புரிந்தது இயற்கணிதம் மட்டுமே. தேர்வில் வேறொரு கணக்கு வரும்போது அந்த இடைவெளியைத் தாண்ட அவரிடம் எதுவும் இருக்காது.

இதற்கு ஒரு பழைய ஆய்வுச் சான்றும் உண்டு. மிஷலீன் சீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981-இல் வெளியிட்டது. இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று உள்ளே இருக்கும் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். "இதே மாதிரி ஒரு கணக்கு போட்டிருக்கோமே, அதைப் பார்த்துப் போடு" என்று நண்பருக்குச் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். இரண்டிலும் சாய்தளம் இருக்கும், ஆனால் ஒன்று ஆற்றலால் தீர்வது, மற்றது விசையால் தீர்வது.

சரி, அப்படியானால் எப்படி உதவுவது? அதே கப்பிக் கணக்கில் இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டதை ஒரு நாள் அருகிலிருந்து கேட்டேன்.

"இழுவிசை 29.4-ன்னு எப்படிச் சொல்ற?"

"மூணு கிலோ கட்டியைக் கயிறுதானே தாங்குது. அதோட எடை 29.4."

"படம் வரைஞ்சு காட்டு. மூணு கிலோ மேல என்னென்ன விசை?"

"கீழே எடை 29.4, மேலே கயிறு 29.4."

"அப்போ நிகர விசை?"

"சுழி."

"அப்புறம் எப்படி அது முடுக்கத்தோட கீழே இறங்குது?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தவறு செய்தவரே சொன்னார்: அப்படியென்றால் இழுவிசை 29.4-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். மறுபக்கம் 2 கிலோ மேலே ஏறுவதால் அதன் எடையான 19.6-ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு சமன்பாடும் எழுதாமலே விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு போட்டுப் பார்த்தால் முடுக்கம் 1.96 மீ/வி², இழுவிசை 23.52 நியூட்டன். அந்தத் தோழி ஒரு விடையும் சொல்லவில்லை, நான்கு கேள்விகள் மட்டுமே கேட்டார். நான் அங்கே போயிருந்தால் அநேகமாக விளக்கிக் கெடுத்திருப்பேன்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் கவனித்ததும் இதைத்தான். ஒரு கேள்வியைப் போட்டு, முதலில் ஒவ்வொருவரையும் தனியாக விடை சொல்ல வைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டார். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்கு எங்கே இடறும் என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆசிரியருக்கு அது மறந்து பல காலம் ஆகிவிட்டது. இந்த முறையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி அந்த முதல் கட்டம். தனியாக யோசித்து ஒரு விடையில் நின்ற பிறகுதான் பேச்சு. வீட்டுப்பாடத்திலும் அப்படியே: நண்பர்களோடு உட்காரும் முன் ஒவ்வொருவரும் தன் விசைப்படத்தை வரைந்து கொண்டுவர வேண்டும்.

சேர்ந்து போடுவதில் ஒரு அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் சேர்ந்தே தவறாக இருக்கலாம். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? "பந்து அங்கே நிற்குதே, முடுக்கம் சுழி" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நால்வர் ஒத்துக்கொண்டதால் விடை சரியாகிவிடாது. திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். இப்படி விடையை நிஜ உலகத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் குழுவில் தேவை. எல்லோரும் உடன்படும்போது எதிர்க்கேள்வி கேட்பது உங்கள் முறை என்று ஒருவருக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

குழு எவ்வளவு பெரியது என்றால், மூன்று பேர் போதும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா ஹெல்லர் குழுவினர் 1992-இல் எழுதியதும் இதுவே. நால்வர் ஆனால் ஒருவர் ஒதுங்கிவிடுகிறார்.

உதவி கேட்பவருக்கும் ஒரு வார்த்தை. "மூணாவது கணக்கு அனுப்பு" என்று கேட்காதீர்கள். நீங்கள் வரைந்த படத்தை அனுப்பி, "இதுவரை வந்தேன், உராய்வு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியத்தை எழுதும்போதே பாதி தெளிந்துவிடும். விடை கிடைத்ததும் கணக்கில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். 30 பாகை சாய்தளத்தில் உராய்வு இல்லாமல் வழுக்கும் கட்டியின் முடுக்கம் 4.9 மீ/வி² என்று கண்டீர்களா? அதே கட்டியை மேல்நோக்கித் தள்ளிவிட்டால், அது ஏறிக்கொண்டிருக்கும்போது முடுக்கம் என்ன, எந்தத் திசையில்? அதே 4.9, கீழ்நோக்கித்தான். இதைத் தயங்காமல் சொல்லி, ஏன் என்றும் சொல்ல முடிந்தால் கணக்கு உங்களுடையது.

அன்று படம் எடுத்து அனுப்பிய மாணவர் அதற்கு அடுத்த கணக்குகளுக்கு வேறு மாதிரி உதவினார். யார் கேட்டாலும் "நீ வரைஞ்ச படத்தை முதல்ல அனுப்பு" என்று பதில் போடுவாராம். அந்த முறை அதே ஏழு பேரின் தாள்களில் மூன்று வெவ்வேறு விடைகள் இருந்தன. இரண்டு தவறு. ஆனால் ஒவ்வொன்றும் எந்த அம்புக்குறியில் தவறியது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அந்த இரண்டு பேரோடும் அன்று மாலையே உட்கார்ந்தேன்.