ஏற்றக்கோணம்

சிற்றலை வானொலி கேட்பவர்கள் ‘எலிவேஷன் ஆங்கிள்’ என்று சொல்லும் கோணத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே ஏற்றக்கோணம் என்ற நல்ல பெயர் உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, கிடைமட்டத்துக்கும் உச்சியை நோக்கிய பார்வைக் கோட்டுக்கும் இடையே அமைவதே அக்கோணம். பார்வைக் கோட்டுக்குப் பதிலாக அலை வந்திறங்கும் பாதையை வைத்துக்கொண்டால் வானொலிக்கும் அது அப்படியே பொருந்தும்.

எலிவேஷன் என்பதன் வேர் இலத்தீன் மொழியைச் சேர்ந்தது. ‘லெவிஸ்’ என்றால் இலேசானது. அதிலிருந்து தூக்குதல் என்னும் பொருளில் ‘எலெவாரே’ பிறந்தது. தமிழில் ஏறு என்னும் வினை பிறவினையில் ஏற்று ஆயிற்று. ஏற்றம் அந்தக் குடும்பத்துச் சொல். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் திணறும் ஏற்றமும், மின்மோட்டார் வருமுன் கிணற்று நீரை இறைத்த ஏற்றமும் இதே சொல்தான். கிணற்று ஏற்றத்தின் நெடுமரம் தரையோடு கோணம் மாற்றி மாற்றி எழுந்து தாழ்வதால், நம் பொருளுக்கு அதுவே நெருக்கமான படம்.

சிலர் உயரக்கோணம் என்றும் எழுதுகிறார்கள். ஆன்டெனாவைப் பற்றிய பேச்சில் அது குழப்பத்தையே தரும், ஏனெனில் அங்கே உயரமும் ஏற்றமும் எதிரெதிராக நடப்பவை. படுக்கைவாட்டில் கட்டிய அரையலைக் கம்பி, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள ஆன்டெனா, தரையிலிருந்து அரை அலைநீள உயரத்தில் இருந்தால் 30 பாகை ஏற்றத்தில் வரும் அலையை மிக நன்றாக வாங்கும். முழு அலைநீள உயரத்துக்குக் கொண்டுபோனால் அதன் முதல் வீச்சு, அதாவது அது நன்றாக வாங்கும் கோணங்களில் மிகத் தாழ்ந்தது, 15 பாகைக்குச் சற்றே கீழே இறங்கிவிடும். ‘உயரம் கூடக்கூட உயரக்கோணம் குறைகிறது’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்றே படிப்பவர் நினைப்பார்.

கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் மூங்கில் நட்டு, 31 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ 15 மீட்டர் நீளக் கம்பியைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது தரையிலிருந்து ஏழெட்டு மீட்டர், அதாவது கால் அலைநீள உயரத்தில் நிற்கும். அங்கிருந்து அது பெரும்பாலும் உச்சி வானத்தையே பார்க்கும். சுமார் 650 கி.மீ. தொலைவிலுள்ள கொழும்புப் பக்கத்திலிருந்து வரும் அலை, சிற்றலையைத் தரைக்குத் திருப்பும் அயனி மண்டலத்தின் 300 கி.மீ. உயரத்து அடுக்கில் பட்டு 40 பாகையை ஒட்டி இறங்குவதால் அதற்கு இந்த உயரம் போதும். அந்த அடுக்கில் ஒருமுறை மட்டும் பட்டு, ஒரே தாவலில் 2,000 கி.மீ.க்கு மேல் கடக்கும் தொலைதூர அலையோ 10 பாகையை ஒட்டித் தாழ வருவதால் நலிந்தே கேட்கும். இவ்வளவு தாழ்ந்த கம்பியை எந்தத் திசைக்குத் திருப்பிக் கட்டினாலும் செங்குத்தாக இறங்கும் அலைகளில் வேறுபாடு அதிகம் தெரியாது; அதன் திசைச்சார்பு தாழ்ந்த ஏற்றத்தில்தான் துலங்கும்.

ஒலிபரப்பும் இடத்தில் அலை கிளம்பும் கோணத்தை மட்டும் எழுகோணம் என்று பிரித்துச் சொல்வது வசதி. கேட்கும் இடத்துக்கு ஏற்றக்கோணமே போதும். ஐரோப்பிய அலைகள் பெரும்பாலும் வந்து சேரும் வடமேற்கில் வீட்டை ஒட்டி ஒரு பாறைக் குன்று நின்று, அதன் உச்சிக்குப் பள்ளிக் கணக்குப்படி 15 பாகை வந்தால், அதற்குத் தாழ வரும் அலைகளில் பெரும்பகுதியை அக்குன்றே மறித்துவிடும்.