நைட் டூட்டியும் நிற்காத மோட்டாரும்

விடியற்காலை நாலு மணி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை விளக்குக்கு நேராகப் பிடித்து லேபிளைப் படிக்கிறேன். கீழே வைத்ததும் என்ன படித்தோம் என்று சந்தேகம். திரும்ப எடுத்துப் படிக்கிறேன். சலைனில் கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு, அவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உடைக்கிறேன்.

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நாலு மணித் தடுமாற்றத்தை என் குறை என்று நினைத்து பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அழுகை நின்றது. லேபிளை இரண்டு முறை படிப்பது மட்டும் நிற்கவில்லை.

இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அது நேரம் பார்ப்பது வெளிச்சத்தை வைத்து. டூட்டி சார்ட்டில் என்ன போட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விடியலுக்கு முன் உடம்பின் வெப்பநிலை அன்றைய நாளின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். கவனமும் கூடவே இறங்கும். போதாததற்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்துக்கு இழுக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. காலை எட்டு மணிக்கு எழுந்து, பகலில் படுக்காமல் டூட்டிக்கு வந்தவர் ராத்திரி ஒரு மணிக்கே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். அவர் கையில் ஸ்டியரிங் இல்லை, ஊசி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது களைப்பின் கதை. மன அழுத்தம் வேறு வழியில் வருகிறது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைக்கும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் பார்த்திருப்பீர்கள். உடம்பிலும் அப்படி ஒன்று உண்டு. மானிட்டர் அலறியதும் முதலில் பாய்வது அட்ரினலின். அது நொடிக்கணக்கில் வேலை செய்யும். அடுத்து மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. ஏறிய கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்கிறது. மோட்டார் அணைகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்தும் ஒரு சிபிஆர் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த அட்மிஷன் வந்து, அதற்குள் நோயாளியோடு வந்த ஒரு அட்டெண்டர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தி, மறுநாள் டபுள் டூட்டி என்று போன் வந்தால்? தொடர்ந்து கார்டிசாலில் ஊறினால் "நிறுத்து" என்ற சொல்லுக்கு மூளையின் காது மந்தமாகிவிடும். சிலருக்குக் காலையில் எழுந்ததும் ஏற வேண்டிய கார்டிசால்கூடச் சரியாக ஏறாது, எழும்போதே அலுப்பு. வேலை அழுத்தம் தீராமல் முழுக்கச் சோர்ந்துபோவதற்குப் பர்ன்அவுட் என்று பெயர். அதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் உண்டாகும் நிலை என்றே வகைப்படுத்தியது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பதை விட்டுவிட்டு "உன் வார்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்க வைக்கிறது.

ஆக, பயம் வரக்கூடாது என்று பாடுபடுவதில் பலனில்லை. மோட்டார் ஓடத்தான் செய்யும். அணைப்பதற்கு என்ன வழி என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் வழி தூக்கம். கண்ணில் பார்வைக்காக இல்லாமல் வெளிச்சத்தை அளக்க மட்டுமே சில அணுக்கள் உண்டு. நீலம் கலந்த ஒளி என்றால் அவை துள்ளும். காலை வெயிலில் வீடு திரும்பும்போது அவை கடிகாரத்திடம் "பகல் ஆரம்பம்" என்று சொல்லிவிடும். அதனால் நான் பஸ்ஸில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், ஜன்னலுக்குப் பழைய போர்வை. (நைட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டுவதைவிட பஸ்ஸே மேல்.) காபி அடினோசினை விரட்டுவதில்லை, அது உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் பாதி காபி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நான் தொடுவதில்லை. இடையில் இருபது நிமிடக் கோழித்தூக்கம் கிடைத்தால் வரம். அதற்கு மேல் நீண்டால் எழும்போது தலை கனக்கும்.

இரண்டாவது வழியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நோயாளி இறந்ததும் உடலைச் சுத்தம் செய்து, கேஸ் ஷீட் எழுதி, பெட்ஷீட் மாற்றி, அடுத்த ஆளை ஏற்றுகிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்த ஜொனாதன் பார்ட்டெல்ஸ், அந்த இடைவெளியில் ஒரு சின்ன மௌனத்தைக் கொண்டுவந்தார். இறந்தவருக்காகவும், காப்பாற்றப் போராடியவர்களுக்காகவும் எல்லோரும் ஒரு நிமிடம் போலச் சும்மா நிற்பது. உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்துச் சொன்னால் மூளையின் எச்சரிக்கை மணியான அமிக்டலாவின் துடிப்பு குறைவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "கஷ்டமா இருக்கு சிஸ்டர்" என்று அடுத்த டூட்டிக்காரரிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் சொல்வதும் அந்த வகைதான். அதுவும் போதாமல் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இதையெல்லாம் எழுதும்போதே ஒரு நெருடல். முப்பது படுக்கைக்கு ஒரே சிஸ்டர் என்று விட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சி செய் என்று போஸ்டர் ஒட்டுவது, தொட்டியில் ஓட்டையை வைத்துக்கொண்டு சுவிட்சைக் குறை சொல்வது மாதிரி.

போன மாதம் எங்கள் வார்டில் ஒரு பாட்டி போனபோது, இன்சார்ஜ் சிஸ்டர் "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா" என்றார். நின்றோம். துடைப்பத்தோடு வந்த அக்காவும் சுவரோரம் நின்றார். பம்ப் அலாரம் எங்கோ கேட்டது. பிறகு பன்னிரண்டாம் பெட்டில் ட்ரிப்ஸ் முடிந்துவிட்டது என்று குரல் வந்தது, போனேன்.