லிப்பிட்: கொழுப்பா, கொழுமியமா?

“இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது” என்று கேட்டதும் பெரும்பாலோர் முதலில் எண்ணெயைக் குறைக்கிறார்கள். இனிப்புப் பானமும் மதுவும் பழையபடியே தொடர்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உணவில் உள்ள எண்ணெய்ப்பசை, உடம்பில் சேரும் பருமன், இரத்தத்தில் ஓடும் பல பொருள்கள் எல்லாவற்றுக்கும் நாம் ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஒல்லியாக இருப்பவர் தமக்குக் கொழுப்பு இருக்காது என்று நம்புவதும் இதனால்தான்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும் சொல் ‘லிப்பிட்’. கொழுப்பைக் குறிக்கும் ‘லிப்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் கேப்ரியல் பெர்த்திரான் 1923இல் இதை ஒரு பெரும் பிரிவின் பெயராக முன்வைத்தார். கொழுப்பு அப்பிரிவில் ஓர் உறுப்பு மட்டுமே. டிரைகிளிசரைடு உண்மையான கொழுப்பு. கொலஸ்ட்ராலும் லிப்பிட்தான், ஆனால் வேதியியல்படி ஆல்கஹால் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கொலே’ என்றால் பித்தம், ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திடம். பித்தப்பைக் கற்களில் கண்டெடுக்கப்பட்டதால் இந்தப் பெயர். ஆல்கஹால் என்பது பின்னர் தெளிவானபோது ‘ஆல்’ என்ற ஈறு சேர்ந்தது.

தமிழில் ‘கொழு’ என்ற வேர் தடித்தலையும் செழித்தலையும் சுட்டும். கொழுமை என்றால் வளம். அதே வேரிலிருந்து அறிவியல் தமிழ் ‘கொழுமியம்’ என்ற சொல்லை லிப்பிட்டுக்கு எடுத்துக்கொண்டது. இது நல்ல சொல் என்பது என் உறுதியான எண்ணம். கொழுப்பைக் கொழுப்பாகவே விட்டுவிட்டு, பிரிவுக்குத் தனிப்பெயர் தருகிறது. ‘ஹைப்பர்லிப்பிடீமியா’வைக் குருதிக் கொழுமிய மிகை எனலாம்.

உணவு ஆலோசனையில் இந்தப் பிரிப்பு உடனே பயன்படும். எல்.டி.எல். (இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்) கூடியிருந்தால் நிறைவுற்ற கொழுப்பையும் டிரான்ஸ் கொழுப்பையும் குறைத்து, நிறைவுறாத எண்ணெய்களுக்கு மாறவேண்டும். ஓட்ஸ், பருப்பு, ஆப்பிள் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்தும் கைகொடுக்கும். அது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவிடுகிறது. அதற்காக இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. டிரைகிளிசரைடு கூடியிருந்தால் பேச்சு சர்க்கரை, தீட்டிய மாவு, மது பக்கம் திரும்பவேண்டும். அது டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி அபாயம் உண்டு. அப்போது மதுவை அறவே விடுவதோடு, உணவில் கொழுப்பையும் கண்டிப்பாகக் குறைக்கவேண்டும்.

‘டயட் கவுன்சலிங்’ என்பதற்கு ‘உணவுமுறைக் கலந்தாய்வு’ பொருத்தமானது. ‘டயட்’டின் மூலமான ‘டயைட்டா’வுக்குக் கிரேக்கத்தில் வாழ்க்கை முறை என்று பொருள். ‘அறிவுரை’ என்றால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. கலந்தாய்வில் நோயாளியும் பேசுகிறார்: என்ன உண்கிறார், யார் சமைக்கிறார், எதை விடமுடியாது என்பதெல்லாம் மேசைக்கு வருகின்றன. பரம்பரையாக எல்.டி.எல். உயர்ந்திருப்பவர்களுக்கு உணவு மட்டும் போதாது என்பதையும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடவேண்டும். அடுத்த முறை அறிக்கையை விளக்குபவர் “கொழுப்பு கூடியிருக்கிறது” என்று நிறுத்தாமல், கூடியிருப்பது எந்தக் கொழுமியம் என்று பெயர் சொல்லட்டும்.