டீமன்: பேயா, பின்னணி நிரலா, பூதமா?

லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் முதல்முறையாக ஒரு வலைத்தளம் வைக்கப் போகிறவர் முதல் நாளே சந்திக்கும் சொல் டீமன். யாரும் கட்டளை கொடுக்காமலே சர்வரில் ஓடிக்கொண்டு வேலை பார்க்கும் நிரலுக்கு அந்தப் பெயர். சிலர் டெய்மன் என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு உச்சரிப்பும் புழக்கத்தில் உண்டு. ரெட் ஹேட் வழிவந்த லினக்ஸில் அப்பாச்சி வெப் சர்வரின் பெயரே எச்டிடிபிடி. வெளியூரிலிருந்து சர்வருக்குள் நம்மை நுழையவிடுவது எஸ்எஸ்எச்டி. நள்ளிரவு 2 மணிக்கு பேக்கப் எடு என்று சொல்லி வைத்தால் மறக்காமல் எடுப்பது கிரான்டி. இந்தப் பெயர்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டி', டீமன் என்ற சொல்லின் முதல் எழுத்து.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைப் பார்த்து 'பேய்' என்று எழுதினால், சர்வர் பராமரிப்பு படிக்க வந்த மாணவர் "பேய் இயங்கிக்கொண்டிருக்கிறது" என்ற வரியைப் படித்துத் திகைத்துப் போவார். கொஞ்சம் யோசித்து எழுதுகிறவர்கள் 'பின்னணி நிரல்' என்பார்கள். முதலாவது தப்பு. இரண்டாவது போதாது. ஏன் என்று சொல்ல, சொல் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணினிக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புராஜெக்ட் மேக் என்ற ஆய்வுத் திட்டத்தில் இருந்தவர்கள். ஆண்டு 1963, இயந்திரம் ஐபிஎம் 7094. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் உட்கார்ந்து கட்டளை கொடுக்காமலே, சலிக்காமல் வீட்டுவேலை பார்க்கும் நிரல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. கோப்புகளை டேப்பில் தானாக நகல் எடுத்து வைக்கும் நிரல்தான் முதல் டீமன் என்று அந்தக் குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் இயற்பியல் படித்தவர். மேக்ஸ்வெல்லின் டீமனை நினைத்துத்தான் இந்தப் பெயரை வைத்தோம் என்பதும் அவர் சொன்னதே. 'டிஸ்க் அண்ட் எக்ஸிகியூஷன் மானிட்டர்' என்பதன் சுருக்கமே டீமன் என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பெயர் பரவிய பிறகு யாரோ பொருத்திக்கொண்ட விரிவு.

சரி, மேக்ஸ்வெல்லின் டீமன் எது? ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனைச் சோதனையை விவரித்தார். காற்று நிரம்பிய பெட்டி, நடுவே ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு சின்னக் கதவு. கதவருகே கூர்மையான கண்ணுள்ள ஒரு குட்டி உயிர் உட்கார்ந்திருக்கிறது. வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறுபக்கமும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு பக்கம் சூடேறும், மறுபக்கம் குளிரும். வெப்பம் தானாகக் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குப் போகாது என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியே ஆட்டம் காணும். மேக்ஸ்வெல் அந்த உயிருக்கு டீமன் என்று பெயர் வைக்கவில்லை. 1874இல் அப்படி எழுதியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. கெடுதல் செய்யும் சாத்தானை அவர் நினைக்கவில்லை; இடையில் நின்று வேலை பார்க்கும் கிரேக்க 'தைமோன்' ஒன்றையே நினைத்தார். 80, 443 என்ற போர்ட்டுகளில், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல்களில், காத்திருந்து, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து இதை இங்கே, அதை அங்கே என்று பிரித்தனுப்பும் வெப் சர்வரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவோரத்துக் குட்டி உயிர்தான் நினைவுக்கு வரும்.

கிரேக்கத்தில் தைமோன் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கும் சக்தி. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தனக்குள் ஒரு தெய்வக் குரல் கேட்கும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். அந்தக் குரல் எதையும் செய்யத் தூண்டாது. தப்பான வழியில் போகும்போது மட்டும் தடுக்கும். பிறகு கிறித்துவ நூல்கள் இந்தச் சொல்லைத் தீய ஆவிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டதால் அதன் நல்ல முகம் மறைந்துபோனது. கோர்பாட்டோவின் குழு கையிலெடுத்தது பழைய நல்ல முகத்தை. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டும்போது 'ஏ'யும் 'ஈ'யும் சேர்த்துப் பழைய மாதிரியே எழுதுவதும் அதைத்தான் காட்டுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தைமோன் என்ற சொல்லின் வேர், பகுத்தல், பங்கிட்டுக் கொடுத்தல் என்ற பொருளுடையது என்பார்கள். அவரவர் பங்கை, அதாவது விதியை, பகுத்துத் தருவது தைமோன். தமிழில் 'பால்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆண்பால், பெண்பால் என்னும்போது பகுப்பு. தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்னும்போது ஊழை வகுக்கும் தெய்வம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், பங்கு என்ற சொல்லிலிருந்து விதி என்ற பொருளுக்கு ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. சர்வரை நாம் 'வழங்கி' என்று அழைப்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பலர் எழுதும் 'சேவையகம்' என்பதைவிட 'வழங்கி' எனக்குப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

இனி, டீமன் என்பது சரியாக எது என்ற கேள்வி. பின்னணியில் ஓடும் நிரல் எல்லாம் டீமன் இல்லை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சிறிய அமைப்பின் தளத்தை ஏற்றிக் கொடுத்தபோது. பைத்தானில் எழுதிய நிரலைக் கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஓட்டி, கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் (&) குறி போட்டேன். நிரல் பின்னணிக்குப் போனது, தளம் திறந்தது, எல்லாரும் பார்த்து மகிழ்ந்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் தளம் இல்லை என்று போன்மேல் போன். இணைப்பு அறுந்ததும் டெர்மினல் போய்விட்டது. அதில் நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு 'ஹேங்அப்' என்ற சமிக்ஞை போனது. ஷெல் அதைத் தன் கீழ் ஓடிய எல்லா வேலைகளுக்கும் சொல்லியனுப்ப, என் நிரலும் செத்தது. ஹேங்அப் என்பது தொலைபேசிக் காலத்துச் சொல். அந்தப் பக்கத்தில் இருந்தவர் ரிசீவரை வைத்துவிட்டார், இனி உனக்கு இங்கே வேலையில்லை என்று அர்த்தம்.

டீமனுக்கு அந்தக் கதி வராது, ஏனென்றால் அதற்கு டெர்மினலே கிடையாது. மரபான முறையில் ஒரு நிரல் டீமனாவதே ஒரு துறவு போலத்தான் இருக்கும். முதலில் ஃபோர்க் என்ற அழைப்பால் தன்னைப் போல ஒரு பிரதி எடுக்கும். தாய் உடனே முடிந்துபோகும். தாயில்லாத பிள்ளையை எண் 1 என்ற முதல் புராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் புராசஸ் என்பார்கள்). பிள்ளை, டெர்மினலோடு இருந்த உறவை அறுத்துத் தனி செஷன் தொடங்கும். தவறிக்கூட இன்னொரு டெர்மினல் ஒட்டிவிடக் கூடாது என்று மறுபடி ஒரு ஃபோர்க். அப்புறம் ரூட் டைரக்டரிக்கு இடம் மாறும். உள்ளே வாங்கும் வழி, வெளியே பேசும் வழி, பிழை சொல்லும் வழி மூன்றையும், எதை அனுப்பினாலும் விழுங்கிவிடும் டெவ்-நல் பக்கம் திருப்பிவிடும். உங்கள் சர்வரில் ஓடும் புராசஸ்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். டிடிஒய் என்ற பத்தியில் டீமன்களுக்கு நேரே ஒரு கேள்விக்குறி இருக்கும். இதற்கு டெர்மினல் இல்லை என்பதன் அடையாளம் அது.

இந்த ஒரு குணம் புரிந்தால் சர்வர் பராமரிப்பில் பாதி விஷயங்கள் தானே விளங்கும். ஹேங்அப் சமிக்ஞையால் டெர்மினல் இல்லாத டீமனுக்குப் பயன் இல்லை அல்லவா? சும்மா கிடந்த அந்தச் சமிக்ஞைக்குப் புதுப் பொருள் கொடுத்தார்கள்: "உன் அமைப்புகளை எழுதி வைத்த கான்ஃபிக் கோப்பை மறுபடி படி." என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு ரீலோட் கொடுக்கும்போது அதன் தலைமைப் புராசஸுக்குப் போவது இதுதான். தலைமை, புதிய கான்ஃபிக்கோடு புதிய பணியாட்களை எழுப்பும். பழைய பணியாட்கள் கையிலுள்ள கோரிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டு விடைபெறுவார்கள். பார்வையாளருக்கு எதுவுமே தெரியாது. கான்ஃபிக்கில் பிழை இருந்தால் தலைமை பழையதையே வைத்துத் தொடரும். ரீஸ்டார்ட் அப்படியில்லை, முழுதாக நிறுத்தித்தான் தொடங்கும். பிழையுள்ள கான்ஃபிக்கோடு ரீஸ்டார்ட் கொடுத்தால் தளம் விழுந்துவிடும். எதைக் கொடுத்தாலும் முதலில் கான்ஃபிக்கைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பேச டெர்மினல் இல்லாததால்தான் டீமன், நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் எழுதுகிறது. தளம் வரவில்லை என்றால் திரையை முறைத்துப் பயனில்லை, வார்-லாக் டைரக்டரிக்குப் போக வேண்டும். அந்த லாக் வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிடும் என்பதால், பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் வேண்டும். இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. டீமன் தான் ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். புதிய கோப்பைத் திற என்று சமிக்ஞை அனுப்ப வேண்டும்.

லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் நிரலாக 2010இல் வந்த சிஸ்டம்டி இந்தத் துறவுச் சடங்கையெல்லாம் தேவையற்றதாக்கிவிட்டது. நிரல் சாதாரணமாக ஓடினால் போதும்; டெர்மினல் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அது பேசுவதை வாங்கிப் பதிவு செய்வதும் சிஸ்டம்டியின் வேலை. என் பைத்தான் நிரலுக்கும் கடைசியில் அதை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பு ஒன்றைப் பத்து வரியில் எழுதித்தான் தீர்வு கண்டேன். அதில் ரீஸ்டார்ட் என்ற வரியை எழுதாவிட்டால் விழுந்த டீமன் விழுந்தபடியே கிடக்கும். எனேபிள் செய்ய மறந்தால், சர்வர் மறுபடி எழும்போது அது எழாது. இரண்டையும் ஆரம்பத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். 'பின்னணி நிரல்' போதாது என்றது இதனால்தான். ஆம்பர்சண்ட் போட்டு நான் ஓட்டியதும் பின்னணி நிரல்தான், ஆனால் டீமன் இல்லை. பின்னணி என்ற சொல் அந்த வகைக்கே வேண்டும். 'ஏவல்' என்று வைக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். ஏவலாள் என்றால் பணியாள், பொருள் நெருங்கி வருகிறது. ஆனால் யாரும் ஏவாமலே வேலை பார்ப்பதுதான் டீமனின் இயல்பு. போதாததற்கு பில்லி, சூனியம் என்ற வரிசையில் அந்தச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'காவலன்' என்றால் எஸ்எஸ்எச்டிக்கு ஓரளவு பொருந்தும், அஞ்சல் அனுப்பும் டீமனுக்குப் பொருந்தாது.

என் தேர்வு 'பூதம்'. பயப்பட வேண்டாம், தமிழில் பூதம் பேய் இல்லை. புகார் நகரின் நாற்சந்தியில் நின்ற சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொய்ச்சாட்சி சொல்வோரையும் பிறர்மனை நாடுவோரையும் பிடித்துத் தண்டிக்க அங்கேயே காத்திருக்கும் சக்தி அது. அதே நகரில் காவற்பூதத்துக்குப் படையலும் உண்டு. பூதப்பாண்டியன் என்று ஓர் அரசர் இருந்தார். முதலாழ்வார் மூவரில் ஒருவர் பூதத்தாழ்வார். கெட்ட சொல்லாக இருந்தால் அரசரும் ஆழ்வாரும் அந்தப் பெயரோடு இருந்திருக்க மாட்டார்கள். 'பூதம் காத்த புதையல்' என்று இன்றும் பேசுகிறோம், விளக்கைத் தேய்த்தால் வந்து வேலை செய்யும் பூதத்தைக் குழந்தைகளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது, ஓரிடத்திலேயே இருப்பது, தூங்காதது, தனக்குக் கொடுத்த வேலையை விட்டு நகராதது. டீமனின் குணங்கள் இவைதானே?

வடசொல்லாயிற்றே என்று கேட்கலாம். ஆமாம், வடசொல்தான். ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் ஊன்றி, தமிழ்க் கதைகளையும் நம்பிக்கைகளையும் சுமக்கும் சொல். ஐம்பூதத்தோடு குழம்பாதா என்றால், சர்வர் கையேட்டில் நிலமும் நீரும் வரப்போவதில்லை. வெறும் பூதம் என்று எழுதத் தயங்குகிறவர்கள் 'பணிப்பூதம்' என்று எழுதலாம். முதல்முறை வரும் இடத்தில் 'டீமன் எனப்படும் பணிப்பூதம்' என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் பூதம் போதும்.

கடைசி 'டி'க்கும் இது உதவும். எச்டிடிபிடி வலைப்பூதம், கிரான்டி நேரப்பூதம், அஞ்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அஞ்சற்பூதம், பெயர்ப் பலகையைப் பார்த்து ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் டீமன் பெயர்ப்பூதம். போன மாதம் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வந்த தங்கைக்கு இந்தச் சொற்களோடுதான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவளே போன் செய்தாள்: "அண்ணா, வலைப்பூதம் விழுந்துடுச்சு. லாக் பார்த்தேன், கான்ஃபிக்ல ஒரு அரைப்புள்ளி விட்டிருக்கேன். போட்டுட்டு எழுப்பிடவா?"